அறிவியல் துறைகளில் நம் பிள்ளைகள்: சீட் கிடைத்த பிறகு என்ன?

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் கூட்டம் கூடிவிடும். வருகிற பெற்றோர்களின் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சீட் கிடைக்குமா?" கிடைத்த பிறகு பிள்ளை அந்தத் துறையில் எப்படி இருக்கிறான், ஆய்வகத்தில் அவளுக்கு இடம் இருக்கிறதா, ஆசிரியரிடம் போய்ப் பேச முடிகிறதா என்று கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு. இந்த இதழில் அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறோம். குறிப்பாக பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., ஆராய்ச்சிப் படிப்பு என்று போகிற, அல்லது போக ஆசைப்படுகிற பிள்ளைகளுக்காக.

தூரம் நமக்கு ஒரு காரணமே அல்ல. ஓமலூரில் பஸ் ஏறிச் சேலம் போகிற யாரும் கருப்பூரைத் தாண்டித்தான் போகிறோம். அங்கே பெரியார் பல்கலைக்கழகம் 1997 செப்டம்பர் 17 முதல் இருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களுக்காக ஏற்படுத்தப்பட்ட பல்கலைக்கழகம் அது. அதற்கு முன் இந்தப் பகுதிக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், புவியமைப்பியல் என்று அறிவியல் துறைகள் அங்கே வரிசையாக உள்ளன. அதே கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி 1966 முதல் இயங்குகிறது. பஸ்ஸில் போகும்போது பார்க்கிற அந்தக் கட்டடங்களுக்குள் நம் மஹல்லாப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு குடும்பமும் தன் உறவுக்குள்ளேயே எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நிலை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவரும், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவரும் மட்டுமே முஸ்லிம்கள் என்று சொன்னது. இதைப் படித்த எல்லோரும் முதல் எண்ணைப் பற்றியே பேசினார்கள். நமக்கு இரண்டாவது எண்தான் உறுத்துகிறது. இளநிலையில் உள்ளே போனவர்களிலும் முதுநிலைக்குள் பாதி குறைந்துவிடுகிறது. உள்ளே போன பிறகுதான் ஏதோ நடக்கிறது.

பல்கலைக்கழகங்களில் இப்போது பன்மை, உள்ளடக்கம் என்று இரண்டு சொற்கள் அதிகம் புழங்குகின்றன. பன்மை என்றால் ஒரு துறையில் பல தரப்பினரும் இருப்பது: பெண்கள், கிராமத்துப் பிள்ளைகள், தமிழ்வழியில் படித்தவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள். உள்ளடக்கம் என்றால் அப்படி வந்தவர்கள் ஓரத்தில் நிற்காமல் நடுவில் இருப்பது. பன்மையைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்துவிடலாம். இரண்டாவது அவ்வளவு சுலபம் அல்ல. அதற்கு ஓர் உதாரணம் நமக்குப் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது, வேதனையான உதாரணம்.

ஜலகண்டாபுரம் நம்மில் பலருக்கு வியாபாரத்துக்கோ சம்பந்தத்துக்கோ போய்வருகிற ஊர். அந்தப் பகுதியைச் சேர்ந்த செந்தில்குமார் என்ற இளைஞர் இயற்பியல் படித்து, 2006-இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் பிஎச்.டி. ஆய்வுக்குச் சேர்ந்தார். பன்றி வளர்ப்பைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பன்னியாண்டி என்ற பட்டியல் சாதிக் குடும்பம் அவருடையது. அந்தத் தொழிலின் பெயரைக் கேட்டதும் நம்மில் சிலர் முகம் சுளிப்போம். அவர் படித்த இடங்களிலும் அதே சுளிப்பை அவர் பார்த்திருப்பார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆய்வு மாணவருக்கு வழிகாட்டி ஆசிரியர் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. எந்தத் தலைப்பில் ஆய்வு, எந்தக் கருவியைத் தொடலாம், எந்த அறையில் உட்காரலாம் என்பதெல்லாம் அவரைப் பொறுத்தது. செந்தில்குமாருக்கு வழிகாட்டி ஒதுக்கப்படவே இல்லை. ஒரு பாடத்தில் தேறவில்லை என்பதால் உதவித்தொகையும் நின்றது. அந்தப் பணத்தை எதிர்பார்த்து ஊரில் ஒரு குடும்பம் இருந்தது. 2008 பிப்ரவரியில் பல்கலைக்கழக விடுதியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகு பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் அமைக்கப்பட்ட குழு விசாரித்தது. அந்தத் துறையின் நடைமுறைகள் தெளிவில்லாமலும் ஒரே சீராக இல்லாமலும் இருந்தன என்றும், அதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களே என்றும் அது கண்டது.

இதில் யாரும் வாசலில் நின்று "உனக்கு இடமில்லை" என்று சொல்லவில்லை. இட ஒதுக்கீடு இருந்தது, அட்மிஷன் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. யாருக்கு எப்போது எந்த வழிகாட்டி என்பதற்கு எழுத்தில் ஒரு விதி தெளிவாக இல்லை, அவ்வளவுதான். விதி தெளிவாக இல்லாத இடத்தில் பழக்கம் உள்ளவர்களுக்குக் காரியம் நடக்கும். இங்கிலீஷில் தைரியமாகப் பேசுகிறவர், ஆசிரியர் வீட்டுக்குப் போய்வருகிறவர், அண்ணனோ அக்காவோ முன்பே ஆராய்ச்சி செய்தவர் முந்திக்கொள்வார். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர் கதவைத் தட்டலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே நிற்பார். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகை. அதனால்தான் நம் சமுதாயத்தைச் சேராத ஒருவரின் கதையை நம் இதழில் இத்தனை விரிவாக எழுதுகிறோம்.

இனி நம் மாநிலத்தில் உள்ள வழிகள். தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்குப் பங்கு என்பது பழைய விஷயம். 1920-களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையில், அரசுப் பணிகளில் 12 இடங்களுக்கு 2 முஸ்லிம்களுக்கு என்று இருந்தது. இன்று 69 சதவீத ஒதுக்கீட்டுக்குள், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 பேர் சேர்கிற ஒரு பி.எஸ்ஸி. வகுப்பில் 3.5 சதவீதம் என்பது ஒன்றரைக்கும் குறைவு. அதாவது ஒரே ஒரு பிள்ளை, சில ஆண்டு இரண்டு. ஆனால் மீதமுள்ள 31 சதவீதம் திறந்த போட்டிக்கு உரியது. மதிப்பெண் நன்றாக இருக்கிற நம் பிள்ளை அங்கே இடம் பிடித்தால் அது இந்த 3.5-இல் கழியாது. "நமக்கு ஒரு சீட்தானே" என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிற பெற்றோர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

சான்றிதழ் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் உள்ளவை ஏழு: அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட, வீட்டில் பேசுவது தமிழானாலும் உருதுவானாலும்), மாப்பிள்ளா, ஷேக், சையத். வெறும் "முஸ்லிம்" என்றோ, பட்டியலில் இல்லாத குடும்பப் பட்டத்தையோ பள்ளியில் சேர்க்கும்போது எழுதி வைத்துவிட்டு, பிறகு கல்லூரி சேர்க்கை நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டாம். ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு மாநிலச் சான்றிதழ் போதாது. அவற்றுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அங்கே வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். மத்தியப் பட்டியலும் மாநிலப் பட்டியலும் ஒன்றல்ல என்பதால் உங்கள் பிரிவு அதில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கிற வீடுகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இடமும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. "ஆய்வகத்தில் இவனால் நிற்க முடியாது, பி.ஏ. சேர்த்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால், உயரம் குறைந்த ஒரு மேசை போட முடியுமா என்று திருப்பிக் கேளுங்கள். நிற்க முடியாத பிள்ளைக்கு உட்கார்ந்து செய்கிற மேசை போதும்.

சேர்ந்த முதல் ஆறு மாதம்தான் மிகவும் கடினம். பன்னிரண்டு வருஷம் தமிழில் இயற்பியல் படித்த பிள்ளை திடீரென்று இங்கிலீஷில் பாடம் கேட்கிறது. எழுதிக்கூட விடுகிறார்கள், வாய்மொழித் தேர்வில்தான் வாயடைத்துப் போகிறார்கள். விசையும் முடுக்கமும் நன்றாகத் தெரிந்த பிள்ளை அவற்றின் இங்கிலீஷ்ப் பெயர் ஞாபகம் வராததால் தெரியாதவனைப் போல நிற்கிறான். இதைப் புரிந்துகொள்கிற ஆசிரியர் "தமிழில் சொல்லு" என்பார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு மாணவன் துறையில் நிலைத்துவிடுகிறான். கேட்காத ஆசிரியரிடம் "தமிழில் சொல்லலாமா?" என்று நாமே கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை.

அப்துல் கலாம் அவர்களின் பெயரைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்காத பேச்சாளர் நம் மேடைகளில் இல்லை. ஆனால் அவரே எழுதிவைத்த ஒரு சம்பவத்தை அதிகம் சொல்ல மாட்டோம். ராமேசுவரத்தில் அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், ஆசாரமான குடும்பம், கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். வீட்டு அம்மையார் சமையலறையில் வைத்துப் பரிமாற மறுத்தார். ஆசிரியர் தாமே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அந்த இரண்டாவது முறை அம்மையாரே உள்ளே அழைத்துப் பரிமாறினார். இந்த விஷயத்தில் எல்லாமே அந்த இரண்டாவது அழைப்பில்தான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. முதல் நாள் வரவேற்பு விழா எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது.

பெண்பிள்ளைகள் பற்றி வருகிற சந்தேகங்களில் முதலாவது ஆடை. வேதியியல் ஆய்வகத்தில் தீயும் அமிலமும் உண்டு. அங்கே எந்தத் துணியும் தொங்கக் கூடாது; முந்தானை, துப்பட்டா, முக்காடு எல்லாவற்றுக்கும் அதே விதிதான். நைலான், பாலியெஸ்டர் துணிகள் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியில் இறுக்கமாகக் கட்டி, நுனிகளை ஆய்வக அங்கியின் கழுத்துக்குள் செருகிக்கொண்டால் முக்காட்டோடு தாராளமாக வேலை செய்யலாம். முக்காட்டை எடுக்கச் சொன்னால், பாதுகாப்புக்காகவா வேறு எதற்காகவா என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதுகாப்புக்காக என்றால் மேலே சொன்னது போதும். வெள்ளிக்கிழமை செய்முறை வகுப்பு ஜும்ஆ நேரத்தில் வருகிறது என்று பையன்கள் சொல்வதும் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில், கால அட்டவணை போடும்போதே போய்க் கேட்டால் பெரும்பாலும் நடக்கிற காரியம் இது. அக்டோபரில் போய்க் கேட்டால் ஒருவரும் மாற்ற மாட்டார்கள்.

அடுத்தது பஸ். செய்முறை வகுப்பு ஐந்து மணிக்கு முடிந்து, உள்கிராமத்துப் பஸ்ஸைப் பிடித்து வீடு வர ஏழரை ஆகிவிடுகிறது என்பதற்காக அறிவியல் வேண்டாம் என்று விட்ட பெண்பிள்ளைகளை நமக்குத் தெரியும். ஒரே பகுதியிலிருந்து நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து போகிற ஏற்பாட்டை ஜமாஅத் நினைத்தால் செய்யலாம்.

பெண்கள் அறிவியலுக்கு வருவதில்லை என்ற பேச்சு இப்போது உண்மையல்ல. ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் அறிவியல் பிரிவில் படித்த 57.2 லட்சம் மாணவர்களில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். ஆனால் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியில் இருப்பவர்களில் பெண்கள் ஆறில் ஒருவர், ஏறத்தாழ 16.6 சதவீதம் என்று 2018-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரம் சொல்கிறது. வகுப்பறையில் பாதிக்கு மேல் இருந்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் எங்கே போனார்கள்?

ஒரு காலத்தில் துறைத்தலைவர்களே வெளிப்படையாகத் தடுத்தார்கள். 1933-இல் பம்பாயில் முதல் தரத்தில் தேறிய கமலா பாகவத் என்ற பெண், திருமணத்துக்குப் பின் கமலா சோஹோனி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநர் நம் தமிழ்நாட்டுக்காரர், நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன். பெண் என்பதால் மறுத்தார். அந்தப் பெண் போய் நின்று வாதாடினார். ஓராண்டு சோதனைக் காலம், முறையான மாணவியாகக் கணக்கில்லை, ஆண் மாணவர்களின் கவனம் சிதறக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார்கள். அதைத் தாங்கி, 1939-இல் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. பெற்றார். அவருடைய வேலையைப் பார்த்த பிறகு ராமன் மற்ற பெண்களையும் சேர்க்கத் தொடங்கினார். எவ்வளவு பெரிய அறிவாளிக்கும் இந்த விஷயத்தில் ஒருவர் வந்து காட்ட வேண்டியிருக்கிறது.

இன்று அப்படி யாரும் சொல்ல முடியாது. இன்றைய தடை பெரும்பாலும் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது என்று சொன்னால் கோபப்படாதீர்கள். பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டிலேயே மாப்பிள்ளை வீட்டார் வரத் தொடங்கிவிடுகிறார்கள். "எம்.எஸ்ஸி. படித்தால் அதற்கேற்ற மாப்பிள்ளைக்கு எங்கே போவது?" என்று எங்களிடம் கேட்ட அத்தாக்கள் பலர். நிக்காஹ் நல்ல காரியம்தான், அதோடு படிப்பும் சேர்ந்து போகலாம். யு.ஜி.சி.யின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பிஎச்.டி. செய்கிற பெண்ணுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் உண்டு. ஆய்வை முடிக்க மற்றவர்களைவிட இரண்டு ஆண்டு கூடுதல் காலமும் உண்டு. இதை மாப்பிள்ளை பேசும்போதே எடுத்துச் சொல்லலாம்.

2023 செப்டம்பர் 2-ஆம் தேதி சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 விண்கலம் கிளம்பியதே, அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. செங்கோட்டை அரசுப் பள்ளியிலும் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். தந்தை கணிதம் படித்துவிட்டு விவசாயம் பார்த்தவர். அந்தக் காலத்தில் செங்கோட்டையில் பேச்சு இல்லாமலா இருந்திருக்கும்?

ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாகச் சில விவரங்கள். அதே யு.ஜி.சி. விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் பிஎச்.டி. வழிகாட்டியாக இருக்கலாம். எனவே சேரும் முன்பே உங்கள் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி, "ஐயா, உங்களிடம் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?" இது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய துண்டறிக்கைகளைப் பார்த்து இன்னும் சிலர் அதைக் கேட்டு வருகிறார்கள். இப்போதைய முக்கிய வழி சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெறுவது. மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. எம்.எஸ்ஸி.யை ஐ.ஐ.டி.யில் படிக்க 'ஜாம்' என்றொரு நுழைவுத் தேர்வு இருப்பதையும் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் ஆண்டுக் கடைசியில் தெரிந்து பயனில்லை.

வகுப்பில் பாடம் எடுக்கிறவர்களில் நம்மவர் யாரும் ஏன் இல்லை என்றும் கேட்கிறார்கள். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பணியிட ஒதுக்கீட்டை மொத்தப் பல்கலைக்கழகத்துக்குப் போடுவதா, துறை துறையாகப் போடுவதா என்று ஒரு வழக்கு நடந்தது. துறை துறையாக என்று 2018-இல் யு.ஜி.சி. உத்தரவு போட்டது. அப்போதைய சுழற்சிமுறையில் 4-ஆவது இடம் ஓ.பி.சி.க்கு, 7-ஆவது பட்டியல் சாதிக்கு, 14-ஆவது பழங்குடிக்கு. ஆறு ஆசிரியர்கள் மட்டும் உள்ள ஓர் இயற்பியல் துறையில் பட்டியல் சாதிக்காரருக்கு முறையே வராது. 14 பேர் இல்லாத எந்தத் துறையிலும் பழங்குடியினருக்கு வராது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, 2019-இல் சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ள வைத்தார்கள். தமிழ்நாட்டில் 200 இடங்களுக்கான சுழற்சியில் 3.5 சதவீதம் என்றால் நமக்கு 7. அந்த முறை வரும்போது நெட்டும் பிஎச்.டி.யும் முடித்த நம் பிள்ளை கையில் சான்றிதழோடு தயாராக இருக்க வேண்டும்.

பல தரப்பினரும் இருப்பதால் அறிவியலுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களும் உண்டு. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்த்தோமே, அந்தக் கருவி கறுத்த தோலில் உண்மையைவிட அதிகமாகக் காட்டிவிடுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். கருவியைச் சோதித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் சோதித்திருந்தார்கள். நம் பக்கத்துக்கு வாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாகி, பிள்ளைகளின் பல்லில் கறை படிந்து, அதற்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தப் பல்லோடு வளர்ந்த ஒரு பிள்ளை வேதியியல் துறையில் உட்கார்ந்தால், எந்தத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாக்தாதின் பைத்துல் ஹிக்மாவைப் பற்றி மீலாது மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். கலீஃபா மஃமூன் காலத்தில் அது செழித்தது. அல் குவாரிஸ்மி அங்கே இருந்துதான் இந்திய எண்முறையைப் பற்றி நூல் எழுதினார். கிரேக்க மருத்துவ நூல்களை அரபியாக்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். அவருக்கு அடுத்த தலைமுறையில் பாக்தாதில் கணிதத்தில் பேர் பெற்ற ஸாபித் இப்னு குர்ரா, ஹர்ரான் ஊரின் ஸாபியீன் மதத்தவர். இவர்களையும் சேர்த்துத்தான் அந்தப் பெருமையைச் சொல்ல வேண்டும்.

பிரச்சினை வந்தால் போக இடம் உண்டு. யு.ஜி.சி.யின் 2012-ஆம் ஆண்டு விதிகள் கல்லூரிகளில் சமவாய்ப்பு மையமும், பாகுபாட்டுப் புகார்களைக் கேட்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும் என்றன. பெண்களுக்கு உள்ளகப் புகார்க் குழு எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே இந்த மையம் எந்த அறையில் இருக்கிறது என்று பிள்ளை பார்த்து வைத்துக்கொள்ளட்டும். வெளியூரில் படிக்கிற பிள்ளை போனில், "ஆறு மாசமா கைடு தரலத்தா" என்று சொன்னால், "பொறுமையா இரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். எழுத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள், நகல் வாங்கச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு நடை நேரில் போய்வாருங்கள். பேச்சில் சோர்வு தெரிந்தால், சாப்பாடு தூக்கம் குறைந்தால், அதைப் படிப்புச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

பணம் எங்கே அறுபடுகிறது என்பதையும் பார்த்தோம். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டும் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடும். எம்.எஸ்ஸி. முதல் மாதத்தில் கட்டணம், பஸ் பாஸ், ஆய்வக அங்கி என்று செலவு மட்டும் இருக்கும், வரவு இருக்காது. அதனால் இந்த ஆண்டு முதல் நமது அறக்கட்டளையின் கல்வி உதவியில் ஒரு பகுதியை எம்.எஸ்ஸி. அறிவியல் மாணவ மாணவியருக்கும், நெட், ஜாம் தேர்வு எழுதுவோரின் விண்ணப்பக் கட்டணத்துக்கும் தனியே ஒதுக்குவதென்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. பெண்பிள்ளைகளின் மனுக்கள் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். திருமணமானவர்களும் விண்ணப்பிக்கலாம்.

மனு செய்வோர் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பி.எஸ்ஸி. மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களோடு, மாணவரோ மாணவியோ தம் கைப்பட எழுதிய ஒரு பக்கக் கடிதமும் கொண்டுவர வேண்டும். எந்தப் பாடத்தை ஏன் தொடர விரும்புகிறார் என்று அதில் இருந்தால் போதும், தமிழிலேயே எழுதலாம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை அலுவலகத்தில் மனுக்கள் வாங்கப்படும். அத்தாவோ அம்மாவோ கூட வந்தால் நல்லது. சான்றிதழில் பெயர்ப்பிழை இருந்தால் அங்கேயே உட்கார்ந்து திருத்த மனு எழுதிவிடலாம்.